கழற்றி வைத்த துவக்கு

1

சாவகச்சேரியில் இருக்கும் என் தங்கை போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் எல்லாம் கேட்டு முடித்தாள். மகளின் படிப்பு, என் கணவரின் முதுகுவலி, இங்கே பனி விழத் தொடங்கிவிட்டதா என்பதுவரை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, உங்கடை வீட்டிலை துவக்கு இருக்காம். உண்மையோ?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்து, ஊருக்குப் போகிற பாதை மறுபடி பூட்டப்பட்டிருக்கிற நேரம் இது. அந்தச் சொல்லைத் தொலைபேசியில் உச்சரிக்கவே அவளுக்குப் பயம். இங்கே ஒஸ்லோவில் யாரோ லண்டனில் யாருக்கோ சொல்லி, அங்கிருந்து கதை ஊருக்குப் போயிருக்கிறது. போகிற வழியில் துவக்கு ஒன்று பலவாகி, அவை இவருடையவையாகவும் ஆகிவிட்டன.

விபரமாகப் பிறகு சொல்கிறேன் என்று அன்று பேச்சை முடித்துக்கொண்டேன். அந்த விபரம்தான் இது. வீட்டில் துவக்கு இருப்பது உண்மை. ஒன்றே ஒன்று. நூறு வருடம் தாண்டிய நோர்வே இராணுவத் துப்பாக்கி. உரிமம் என் பெயரில் இருக்கிறது, இவர் பெயரில் இல்லை. இங்கே கோயிலில் ஒருவர், தானும் பழைய துவக்குகள் சேர்க்கத் தொடங்கப்போவதாகவும் முதலில் என்ன கருவிகள் வாங்கவேண்டும் என்றும் என்னிடம் கேட்டார். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

2

நான் வேலை செய்வது ஒரு வைத்தியசாலையின் நிலக்கீழ்த் தளத்தில். சத்திரசிகிச்சைக் கருவிகளைப் பிரித்து, கழுவி, பூதக்கண்ணாடியில் பார்த்து, நீராவியில் கிருமி நீக்கி, மறுபடி தட்டுகளில் அடுக்கி அனுப்புவது எங்கள் வேலை. யன்னல் கிடையாது. குளிர்காலத்தில் இருட்டில் இறங்கி இருட்டில் ஏறுவோம்.

எனக்கு எதிர் மேசை துரீட்டுடையது. என் வயதுக்காரி. வடக்கே ஒரு மீன்பிடிக் கிராமத்தில் பிறந்து கலியாணத்துக்குப் பிறகு ஒஸ்லோவுக்கு வந்தவள். அவளுடைய ஊர்ப் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் புன்னகைப்பார்கள். என்னுடைய நோர்வேஜிய மொழியைக் கேட்டு அதைவிடக் கொஞ்சம் மரியாதையாகப் புன்னகைப்பார்கள். அதனாலோ என்னவோ மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மேசையில் ஒதுங்கிக்கொண்டோம்.

ஒரு கார்த்திகை மாதம் அவளுடைய தகப்பன் இறந்தார். சகோதரர்கள் படகையும் தளபாடங்களையும் எடுத்துக்கொண்டார்கள். அலுமாரிக்குள் இருந்த துவக்கை யாரும் கேட்கவில்லை. துரீட் எடுத்து வந்துவிட்டாள். தையல் மெஷின் ஒன்று கிடைத்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, வந்து பார்க்கிறாயா என்று கேட்டாள்.

ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. போனேன். அவள் வீட்டு நிலவறையில், பழைய போர்வையின் மேல் அது கிடந்தது. 'கிராக்' என்று இந்த நாட்டவர் சொல்லும் வகை. குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டை, போல்ட்டை, துரீட் உருவி எடுத்துவிட்டு, பின்பக்கமாகக் குழலுக்குள் பார்க்கச் சொன்னாள். மறுமுனையில் ஒரு மின்குமிழைப் பிடித்தாள். உள்ளே வெளிச்சம் வரிவரியாகச் சுற்றிச் சுற்றிப் போனது. நான் அதுவரை துவக்குகளை முன்பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன். சோதனைச் சாவடியில், பஸ்ஸுக்குள், எங்கள் வீட்டுப் படலையில். அந்தச் சின்ன வட்டத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

3

எங்கள் இரண்டு பேருக்கும் துவக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதைக் கழற்றித் துடைத்துவைக்கவேண்டும் என்பது துரீட்டின் ஆசை. சமையலறை லாச்சியில் கிடந்த ஸ்குரூட்ரைவரை எடுத்துவந்து விசைக்குக் கீழே இருந்த திருகாணியில் வைத்து முறுக்கினாள். அது வழுக்கி, ஆணியின் தலையைச் சிதைத்துக்கொண்டு போய், தகப்பன் எண்ணெய் பூசிப் பூசி வைத்திருந்த மரக்கட்டையில் ஒரு கோடு கீறியது. துரீட் அந்தக் கோட்டில் பெருவிரலை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தாள்.

அடுத்த கிழமை பழைய ஆயுதங்கள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் எங்களைத் திட்டவில்லை. நாங்கள் வாங்க நினைத்துப் போனவற்றில் பாதியைத் திருப்பி வைக்கச் சொன்னார். அவர் சொன்னதும், பிறகு நாங்களாகப் பிழைவிட்டுப் படித்ததும் இவை.

முதலில் ஸ்குரூட்ரைவர். வீட்டில் பாவிப்பதன் நுனி ஆப்புப்போலச் சரிந்து வரும். ஆணியின் பிளவில் மேல்விளிம்பை மட்டும் பிடிக்கும். துவக்குக்கானது நுனிவரை ஒரே தடிப்பு. பிளவின் அகலத்தையும் ஆழத்தையும் முழுதாக நிரப்பவேண்டும். ஒரு பிடியும் மாற்றிப் போடும் பல நுனிகளும் உள்ள பெட்டி போதும். எதுவும் பொருந்தாவிட்டால் நுனியை அரத்தால் தேய்த்துப் பொருத்தலாம், ஆணியைத் தேய்க்கக்கூடாது.

பிறகு பித்தளைத் தலை வைத்த சின்னச் சுத்தியல், பித்தளைக் குச்சிகள் கொஞ்சம். துவக்கின் பாகங்களைச் சில இடங்களில் ஊசிகள் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றைத் தட்டி வெளியேற்ற ஊசியைவிட ஒரு மயிரிழை மெல்லிய குச்சி வேண்டும். பித்தளை என்றால் தவறினாலும் இரும்பில் காயம் படாது. மேசையில் பூட்டும் ஒரு வைஸ், அதன் வாய்க்கு இரண்டு தோல் துண்டுகள். அது பிடித்துக்கொள்ளத்தான், நெரிக்க அல்ல.

குழலைத் துடைக்கும் கம்பி ஒரே துண்டாக இருப்பது நல்லது. அதைப் பின்பக்கத்தால்தான் விடவேண்டும். முன்வாயின் விளிம்பு தேய்ந்தால் துவக்கு குறி தவறும். இரும்பில் பிடித்த கறளுக்கு மிக மெல்லிய வெண்கலக் கம்பிப் பஞ்சும் எண்ணெயும். அரத்தாள் கூடாது. நூறு வருடத்தில் இரும்பில் ஏறிய மண்ணிறத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்குவது, ஆளின் முகத்தைச் சுரண்டுவது மாதிரி என்று துரீட் சொல்வாள். இறுகிய ஆணிக்கு ஊடுருவும் எண்ணெய் ஒரு துளி விட்டுவிட்டு அடுத்த கிழமை வாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், சுருள்வில்கள் பாயும். ஒவ்வொரு படியையும் படம் எடுத்துவையுங்கள். துளைக்கிற மெஷின், தேய்க்கிற மெஷின் இரண்டையும் நிலவறைக்கு வெளியே வையுங்கள். ஆர்வம் எவ்வளவு இருந்தாலும், தொழில் தெரிந்தவர் தன் அளவுக்கட்டைகளால் குண்டு அறையைச் சோதித்துச் சரி சொல்லும்வரை எந்தப் பழைய துவக்கையும் சுடக்கூடாது.

கழற்றியதை வரிசைப்படுத்துவது மட்டும் எங்களுக்குப் புதிதல்ல. வேலையில் செய்வதுபோல வெள்ளைத் துணி விரித்து, எடுத்த ஒழுங்கிலேயே இடமிருந்து வலமாக வைத்தோம். சனிக்கிழமைப் பின்னேரங்கள் இப்படிப் போயின. அடுத்த வருடம் இரண்டு பேரும் பக்கத்துச் சுடுகழகத்தில் சேர்ந்து பாதுகாப்பு வகுப்பும் முடித்தோம்.

4

கருவிகளில் பாதி என்னுடைய காசில் வாங்கியவை. அவை எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டில்தான் இருந்தன, துணிச் சுருளில் சுற்றி, அரிசி வாளிக்குப் பக்கத்தில். ஒருநாள் இவர் அதை விரித்துப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். நான் சொன்னேன்.

இவர் பஸ் ஓட்டுகிறார். கோபம் வந்தாலும் சத்தம் போடமாட்டார். சாப்பிட்டு, கோப்பை கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னார்: "சாமான்கள் இருக்கட்டும். ஆனால் துவக்கு இந்த வாசலுக்குள்ளை வரக்கூடாது. அதை மட்டும் எனக்காகச் செய்யும்."

"ஓம். வராது" என்றேன்.

இவருக்கு ரஞ்சன் என்று ஒரு தம்பி இருந்தான். நான் அவனைக் கண்டதில்லை. இராணுவம் சுட்டு இறந்தான் என்று கலியாணப் பேச்சின்போது மாமியார் எனக்குச் சொன்னார். இவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. வருடத்தில் ஒருநாள் வீட்டில் மச்சம் மாமிசம் சமைக்கவேண்டாம் என்பார். அன்று வேலை முடிந்து தனியாகக் கோயிலுக்குப் போய் வருவார். நானும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் மதுரா வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். இங்கே பிறந்தவள். வீட்டில் தமிழ், கதவைத் தாண்டினால் நோர்வேஜிய மொழி, தொலைபேசியில் இரண்டும். ஒருநாள் சிநேகிதியிடம், 'முத்தெர்ன்' சுத்தியலும் கையுமாகத் திரிகிறது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'முத்தெர்' என்றால் திருகாணியில் போடும் நட்டு; கடையில் நான் கேட்டு வாங்கிய சொல். பெற்ற தாயை நட்டு என்கிறாளே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அடுத்தநாள் துரீட்டிடம் கேட்டேன். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இளசுகள் அம்மாவைச் சொல்லும் கொச்சைப் பேச்சாம் அது, எங்கள் ஊரில் 'கிழவி' என்பதுபோல. நட்டாகவே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

5

போன வருடத்துக்கு முந்திய மாரியில் துரீட்டின் கணவருக்கு மேற்குக் கரையில், ஸ்தவாங்கரில் வேலை கிடைத்தது. வீட்டை விற்று அடுக்குமாடி ஒன்றுக்குப் போகிறார்கள். நிலவறை இருக்காது. பேரப்பிள்ளைகள் அடிக்கடி வந்துபோகிற வீட்டில் துவக்கு வேண்டாம் என்று அவளுடைய மகன் சொல்லிவிட்டான். விற்கவும் மனமில்லை. "நீ வைத்துக்கொள். அதன் ஒவ்வொரு ஆணியும் உனக்குத் தெரியும்" என்றாள்.

நான் உடனேயே முடியாது என்றேன். காரணம் கேட்டாள். எங்கள் வீட்டுக்குள் அது வரக்கூடாது என்று மட்டும் சொன்னேன். அவள் மேலே கேட்கவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வரும்போது, பாதாள ரயிலில் நின்றபடி நான் அழுவதை ஒரு வயதான மனிதர் பார்த்துவிட்டு எழுந்து எனக்கு இடம் தந்தார். ஒரு இரும்புக்காக அழுகிறேனா, துரீட் போவதற்காக அழுகிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

6

கடைசிச் சனிக்கிழமை. பனி உருகிச் சேறாக இருந்ததால் இவர் என்னை ஏற்றிப்போகக் காரில் வந்தார். வழக்கமாக வெளியிலேயே இருப்பார். அன்று துரீட் வாசலுக்குப் போய், கேக் சுட்டிருக்கிறேன், பிரியாவிடை சொல்லாமல் போகக்கூடாது என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டாள். கோப்பியோடு நேரே நிலவறைக்கே இறக்கினாள். நான் தடுக்க நினைத்தபோது இவர் படியில் பாதி வந்துவிட்டார்.

துவக்கு முழுதாகக் கழற்றப்பட்டு வெள்ளைத் துணியில் கிடந்தது. கட்டை ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம், போல்ட்டின் துண்டுகள், விசை, ஆணிகள். இவர் கதிரையின் நுனியில் இருந்தார். பார்க்காமல் இருக்க முயன்றார். பிறகு பார்த்தார். ஒரு சின்னப் பாகத்தைக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று துரீட்டிடம் கேட்டார். 'ஹானெ' என்றாள். சேவல் என்று அர்த்தம். தமிழில் அதைக் குதிரை என்போம் என்று இவர் சொல்ல, துரீட் சிரித்தாள். இவரும் கொஞ்சம் சிரித்தார்.

அதன்பிறகுதான், கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, நோர்வேஜிய மொழியில் சொன்னார்: "என் தம்பி சுட்டான்."

துரீட் கோப்பையைக் கீழே வைத்தாள். மெதுவாக, "யாரை?" என்று கேட்டாள்.

இவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளிறிவிட்டது. அந்த மொழியில் சுட்டான் என்பதற்கும் சுடப்பட்டான் என்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு சின்னச் சொல்தான். பஸ் ஓட்டுகிறவருக்கு அது தேவைப்பட்டதில்லை. நான்தான் சொன்னேன்: "சுடப்பட்டான்." எங்கள் வீட்டில் ஒருநாளும் சொல்லப்படாததை அந்நிய மொழியில், துரீட்டின் நிலவறையில், முதல் தடவையாக நான் உச்சரித்தேன்.

இவர் தலையாட்டிவிட்டு மிச்சத்தையும் சொன்னார். காலையில் பேக்கரிக்குப் பாண் வாங்கச் சைக்கிளில் போனான். சந்தியில் ரோந்து வந்த இராணுவம் நின்றது. சத்தம் கேட்டு இவர் ஓடிப்போனபோது சைக்கிள் வேலியில் சாய்ந்திருந்தது, பாண் இன்னும் சூடாக இருந்தது. அவ்வளவுதான். குட்டிக் குட்டி வசனங்கள், பஸ்ஸில் தரிப்பிடங்களை அறிவிப்பதுபோல. அழுவதற்கான சொற்கள் அந்த மொழியில் இவருக்குத் தெரியாது. அதனால்தான் சொல்லி முடிக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

துரீட் கையை நீட்டி இவர் கையின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

காரில் ஏறியபிறகு இவர் சாவியைப் போடாமல் இருந்தார். "வந்த புதுசிலை அகதி விசாரணையிலையும் இதே பிழைதான் விட்டனான்" என்று தமிழில் தொடங்கினார். அரைகுறை ஆங்கிலத்தில் 'மை பிரதர் ஷொட்' என்றிருக்கிறார். அதையும் அதிகாரிகள் அப்படியே எடுத்துக்கொண்டு, தம்பி யாரைச் சுட்டான், எங்கே பயிற்சி எடுத்தான், துவக்கை எங்கே வைத்தான் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். பிறகு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்து சரிப்படுத்தினார். பிழை திருத்தப்பட்டு, இருக்க அனுமதியும் கிடைத்தது.

"திருத்தினவங்கள்தான். ஆனால் அதுக்குப் பிறகு அவனைப் பற்றி வாய் திறக்கப் பயமாப் போச்சு. திறந்தால் திரும்பவும் அவனைத் துவக்கோடை நிப்பாட்டிப் போடுவாங்கள் எண்டு."

இரண்டு மூன்று பஸ்கள் எங்களைக் கடந்துபோயின. பிறகு காரை எடுத்துக்கொண்டே சொன்னார்: "கழட்டி வைச்சிருக்கேக்கை பார்க்கலாம் போலை இருக்கு. கழட்டினபடியே அதை வீட்டுக்குக் கொண்டு வாரும். அந்தப் போல்ட் மட்டும் வேண்டாம்."

7

உரிமம் எடுப்பது நீண்ட வேலை. விண்ணப்பம், கழகத்தின் கடிதம், பாதுகாப்பு வகுப்பின் சான்று, குற்றப்பதிவு இல்லை என்ற உறுதி. பொலிஸில் என்னோடு பேசிய இளைஞன் பணிவானவன். பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, முன்பு ஆயுதங்களோடு ஏதாவது தொடர்பு இருந்ததா என்று கேட்டான். எப்போதும் மறுமுனையில் நின்றிருக்கிறேன் என்றேன். சரியாகத்தான் சொன்னேனா என்று பயந்து, இந்தத் தடவை வினைச்சொல்லை இரண்டு முறை மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். அவன் எழுதுவதை நிறுத்தி, விளங்குகிறது என்றான்.

துவக்குக்கு இரும்பு அலுமாரி வேண்டும், அது சுவரோடு பூட்டப்பட்டிருக்கவேண்டும். இவரே சுவரில் துளை போட்டார். போல்ட் சுடுகழகத்தின் பூட்டறையில் இருக்கிறது. அது இல்லாமல் இது வெறும் மரமும் குழாயும். சில சனிக்கிழமைகளில் நான் துணியை விரித்துத் துடைக்கும்போது இவர் பக்கத்தில் தேத்தண்ணியோடு வந்து இருப்பார். தொடமாட்டார். ஒருநாள் மட்டும், ஸ்குரூட்ரைவர் நுனி கொஞ்சம் பெரிது, மற்றதை எடும் என்றார்.

துரீட் அந்தக் கோட்டைப் பற்றி இப்போதும் தொலைபேசியில் கேட்பாள். மரக்கட்டையில் கீறலை அப்படியே விட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஊரில் கதைப்பவர்களுக்கு இவ்வளவையும் விளங்கப்படுத்த முடியாது என்று தெரியும். இங்கே கோயிலிலும் சிலர் இவரிடம் முன்போலக் கதைப்பதில்லை. எனக்கு அது கவலைதான். இவரிடம், திருப்பிக் கொடுத்துவிடவா என்று கேட்டும் பார்த்தேன். வேண்டாம் என்றார். கேட்கிற ஆட்களுக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்.

8

இந்த வசந்தத்தில் ரஞ்சனின் நாள் வந்தது. கத்தரிக்காயும் பருப்பும் முருங்கையிலை வறையும் வைத்தேன். இவர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். மதுரா பள்ளிக்கூடத்தால் வந்து மேசையில் இருந்ததும் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இண்டைக்கு ஏன் மரக்கறி?"

வழக்கமாக நான் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன். அன்று வாயைத் திறக்க முன்பே இவர், "என்ரை தம்பியின்ரை நாள்" என்றார்.

அவள் கையிலிருந்த தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். எப்படிச் செத்தவர் என்று கேட்டாள். இவர் தமிழில், அவளுக்கு விளங்கும் சொற்களாகத் தேடித் தேடிச் சொன்னார். சுடப்பட்டான் என்பதில் தடுமாறவில்லை. சொல்லி முடித்ததும் எழுந்துபோய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. ரஞ்சன் ஊரில் உள்ளவர்களின் ரேடியோக்களைத் திருத்தித் தருகிறேன் என்று வாங்கி, பேசிக்கொண்டிருந்ததையும் பேசாமல் ஆக்கிவிடுவானாம். அண்ணனிடம் இருந்த ஒரே நல்ல சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அழைக்காத கலியாணத்துக்குப் போய், பந்தியில் இருந்தபடி அண்ணனிடமே பிடிபட்டானாம். அண்ணன் முறைக்க, எழும்பாமல், பாயாசம் வரட்டும் என்று சைகை காட்டினானாம். மதுரா சிரித்தாள். எனக்கும் இதெல்லாம் புதிது. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"இருந்திருந்தால் நான் அவரை எப்பிடிக் கூப்பிட்டிருப்பன்?" என்று கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. அந்த உறவுக்கு இங்கே அவளுக்கு ஆள் இருந்ததில்லை.

"சித்தப்பா எண்டு."

"ரஞ்சன் சித்தப்பா" என்று சொல்லிப் பார்த்தாள். 'ர' அவளுடைய வாயில் நோர்வேக்காரர் சொல்வதுபோலத்தான் வந்தது.

இவர் கையைச் சோற்றில் வைத்தபடி அசையாமல் இருந்தார்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார்.